வாக்குச்சீட்டு நீள்வது ஜனநாயகத்துக்கு நல்லதா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. வேலையில் இருந்த காலத்தில் தேர்தல் வந்தால் வாக்களிப்பு நிலையக் கடமைக்குப் பெயர் வந்துவிடும். மூதூர்ப் பக்கமும் நிலாவெளிப் பக்கமும் மாறி மாறிப் போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் சந்தையில், கோயில் வீதியில், பஸ்ஸில் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் என்று எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல் வந்தது. மூன்றிலும் ஒரே சந்தேகம்தான்: இவ்வளவு பேர் தேர்தல் கேட்பது நாட்டுக்கு நல்ல அறிகுறியா, குழப்பத்தின் அறிகுறியா? திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

டீச்சர், ஜனாதிபதித் தேர்தலில எத்தனை பேர் கேட்டவங்க? ஒரு பேப்பர் 38 என்டுது, மற்றது 39 என்டுது.

இரண்டும் சரி. 39 பேரின் வேட்புமனு ஏற்கப்பட்டது. அவர்களில் ஒரு சுயேச்சை வேட்பாளர் வாக்கெடுப்புக்கு முதலே காலமாகிவிட்டார். ஆனால் அவருடைய பெயர் சீட்டில் இருந்தது. ஆகவே சீட்டில் 39 பெயர், களத்தில் 38 பேர்.

முந்திய கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 1982இல் 6 பேர், 1988இல் 3, 1994இல் 6, 1999இலும் 2005இலும் 13, 2010இல் 22, 2015இல் 19, 2019இல் 35.

ஏன் இப்பிடிக் கூடிக்கொண்டே போகுது?

வாசல் விலை குறைந்துவிட்டது. ஜனாதிபதித் தேர்தலுக்கான கட்டுப்பணம் கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபாய், சுயேச்சைக்கு 75,000 ரூபாய். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் வைத்த தொகை. அன்றைக்கு அது ஒரு குடும்பத்தின் பெரிய சேமிப்பு. இன்றைக்கு அந்தக் காசுக்கு நல்லதொரு கைபேசி வராது. செல்லுபடியான வாக்கில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீதம், எடுக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. 2024இல் மூன்று பேருக்குத்தான் திரும்பி வந்தது.

அதற்காக யாரும் நினைத்தவுடன் கேட்க முடியும் என்று எண்ணிவிட வேண்டாம். சுயேச்சையாகக் கேட்பதென்றால் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும் அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும். மற்றவர்கள் பதிவு செய்த ஒரு கட்சி வழியாகத்தான் வரலாம். எங்கள் ஊர் மீனவர் சங்கத் தலைவர் ஒருவர் தனியே கேட்க நினைத்தால் இந்தச் சட்டப்படி முடியாது. பழைய எம்.பி. ஒருவருக்கு முடியும். சீட்டு நீளமாக இருக்கிறது என்பதால் வாசல் எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறந்திருக்கிறது என்று சொல்ல வராது.

நிறையப் பேர் கேட்டால் ஜனநாயகம் நல்லா இருக்கு என்டுதானே அர்த்தம்?

பெயரை எண்ணினால் அப்படித் தோன்றும். வாக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். 2024இல் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76, ரணில் விக்கிரமசிங்க 17.27, நாமல் ராஜபக்ஷ 2.57, பா. அரியநேத்திரன் 1.70. இந்த ஐந்து பேரை விட்டால் மிச்சமுள்ள 34 பெயருக்கும் சேர்த்து நூற்றுக்கு மூன்றரை வாக்குக்கூட விழவில்லை.

இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. லாக்சோ, தாகெபெரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979இல் சொன்னது. ஒவ்வொருவரும் எடுத்த பங்கைத் தன்னாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, ஒன்றை அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இரண்டு பேர் ஆளுக்குப் பாதி எடுத்தால் விடை 2. நாலு பேர் சமமாகப் பிரித்தால் 4. பெயருக்கு நின்றவர்கள் இந்தக் கணக்கில் தாமாகவே கரைந்துவிடுவார்கள்.

ஒரு பின்னேரம் கொப்பியும் கல்குலேட்டருமாக இருந்து போட்டுப் பார்த்தேன். 1982இல் ஆறு பேர் கேட்டார்கள், விடை 2.3. 1988இல் மூன்று பேர், 2.2. 2010இல் 22 பேர், 2.0. 2019இல் 35 பேர், 2.2. நம்ப முடியாமல் இன்னொரு தடவை போட்டேன், அதேதான். முப்பத்தேழு வருசத்தில் சீட்டு ஆறு மடங்காக நீண்டது, மெய்யான போட்டி அரை ஆள் அளவுக்கும் மாறவில்லை. 2024இல்தான் அது 3.1க்கு மேலே போனது. உண்மையான மாற்றம் அங்கே நடந்தது. 35 பெயர் 39 ஆனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்ப ஆள் குறைஞ்சால் நாடு உறுதியா இருக்குமோ?

1988ஐ நினைத்துப் பாருங்கள். மூன்றே மூன்று பேர். எங்கள் நாட்டின் ஜனாதிபதித் தேர்தல்களில் ஆகச் சின்னச் சீட்டு. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி, வடகிழக்கில் இந்தியப் படை. வாக்களித்தவர்கள் 55 வீதமளவில்தான். வீதியில் பிணம் கிடந்த காலம் அது. 1982இல் ஆறு பேர் கேட்டபோது 81 வீதம் வாக்களித்திருந்தார்கள்.

இன்னும் குறைந்த சீட்டும் எங்களிடம் இருந்தது. 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பில் வேட்பாளரே இல்லை, விளக்கு, குடம் என்று இரண்டு சின்னம். விளக்கு வென்றது, பாராளுமன்றம் தேர்தல் இல்லாமலே இன்னும் ஆறு வருசம் இருந்தது. ஏழு மாதத்தில் 83 யூலை வந்தது. சீட்டு சுருக்கமாக இருப்பதற்கும் நாடு நிம்மதியாக இருப்பதற்கும் உள்ள தூரத்தை எங்கள் தலைமுறை கண்ணாலே கண்டிருக்கிறது. வெளியே பார்த்தால், எகிப்தில் 2014இல் இரண்டு பேர்தான் கேட்டார்கள். வென்றவருக்கு 96 வீதத்துக்கும் மேலே.

வெளிநாட்டில நிறையப் பேர் கேட்டு நாடே குழம்பின கதை இல்லையா?

இருக்கிறது. பெரு நாட்டில் 2021இல் 18 பேர் கேட்டார்கள். முதற் சுற்றில் முதலாவதாக வந்த பெத்ரோ காஸ்தியோவுக்கு 19 வீதமளவில்தான். இரண்டாம் சுற்றில் மயிரிழையில் வென்றார். பாராளுமன்றத்தில் அவருக்குப் பெரும்பான்மை இல்லை. 2022 டிசம்பரில் பதவி பறிபோனது. பிரான்சில் 2002இல் 16 பேர். இடதுசாரி வாக்கு சிதறியதில் அப்போதைய பிரதமர் ஜொஸ்பனே முதற் சுற்றோடு வெளியேறினார். தீவிர வலதுசாரி லுபென் இரண்டாம் சுற்றுக்குப் போனார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரான்சில் இரண்டாம் சுற்றில் மக்கள் ஒன்று திரண்டு சிராக்குக்கு 82 வீதம் கொடுத்தார்கள், நாடு தன்பாட்டில் போனது. பெருவில் அந்தக் குழப்பம் தேர்தலுக்கு முன்பே வருசக்கணக்காக இருந்தது, ஜனாதிபதிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே 18 பெயர் காய்ச்சலின் அறிகுறி. காய்ச்சலுக்குக் காரணம் கட்சிகள் உளுத்துப்போனது.

எங்கட தேர்தலில ஆருமே 50 வீதம் எடுக்கேல்லையே, பிறகு எப்பிடி ஜனாதிபதி ஆகினவர்?

எங்கள் முறையில் இரண்டாம் சுற்றும் அதே சீட்டுக்குள் இருக்கிறது. 1, 2, 3 என்று மூன்று விருப்பம் போடலாம். எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களுக்கு 1 போட்ட சீட்டுகளில் 2, 3 யாருக்கு என்று பார்த்து எண்ணுவார்கள். 1982இலிருந்து இருந்த ஏற்பாடு 2024இல்தான் முதல் தடவை வேலை செய்தது.

அந்த எண்ணிக்கையில் என் மனதைக் குடைந்த ஒன்று இருக்கிறது. விலக்கப்பட்டவர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 லட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து அநுரவுக்குப் போனவை 105,264, சஜித்துக்குப் போனவை 167,867. கூட்டினால் இரண்டே முக்கால் லட்சமும் இல்லை. நூறு சீட்டில் எட்டுத்தான் அடுத்தவருக்குப் போயிருக்கிறது! மற்றச் சீட்டுகளில் 2உம் 3உம் எழுதவில்லை, அல்லது எழுதியதும் விலக்கப்பட்டவருக்கே. வாக்கு சிதறுகிறது என்று கவலைப்படும் எங்களுக்குச் சட்டம் கொடுத்த மருந்து அந்த 2உம் 3உம். பெரும்பாலானோர் அதை எடுக்கவேயில்லை. 39 பேர் கேட்டதைவிட இதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. பள்ளிக்கூடத்தில் குடியியல் பாடத்தில் ஒரு மாதிரிச் சீட்டை வைத்து அரை மணித்தியாலம் செய்து காட்டினால் போதும்.

அப்ப அந்த நீட்டுச் சீட்டால தீங்கே இல்லையோ?

இருக்கிறது, வயசானவர்களுக்கு. 2019இல் கடமையில் இருந்தபோது கண்டது. சீட்டு இரண்டு அடிக்கு மேல். ஒரு அம்மம்மா அதைக் காயப்போடும் சேலை மாதிரி விரித்துப் பிடித்தபடி மறைப்பிலிருந்து வெளியே வந்துவிட்டார். "பிள்ளை, இதை எப்பிடி மடிக்கிறது?" நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு பழைய பேப்பர்த் தாளை எடுத்து மடித்துக் காட்டினேன். அவர் திரும்ப உள்ளே போய் மடித்து வரும்வரைக்கும் வரிசை நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை, அது எனக்கு ஆறுதல்.

இன்னொன்று. சீட்டில் பெயர்கள் சிங்கள அகரவரிசையில் இருக்கும். தமிழிலும் எழுதியிருக்கும், ஆனால் எங்கள் கண்ணுக்கு அந்த வரிசை பிடிபடாது. ஆறு பெயர் என்றால் பரவாயில்லை, 39 பெயரில் விரலை வைத்து மேலிருந்து கீழே தேட வேண்டும். நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 2019இல் 135,452, 2024இல் 300,300. இருமடங்குக்கும் மேல். நீளம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீளம் உதவியாக இருந்திராது. ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளடி போட்டாலும், 1 போடாமல் 2, 3 மட்டும் போட்டாலும் வாக்கு செல்லாது.

டம்மி வேட்பாளர் என்டு சொல்றாங்களே, அது உண்மையா?

பெயர் சொல்லி எவரையும் குற்றம் சாட்ட என்னால் முடியாது. ஆனால் அதற்கு லாபம் இருப்பது தெரிந்த விசயம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் அரச வானொலி, தொலைக்காட்சியில் இலவச நேரம் உண்டு. வாக்களிப்பு நிலையத்திலும் எண்ணும் இடத்திலும் முகவர் வைக்கலாம். 2023இல் வந்த தேர்தல் செலவுச் சட்டத்தின்படி 2024இல் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஒரு வேட்பாளருக்கு 186 கோடிக்கு மேல் வருகிறது. அந்த வரம்பும் ஆளுக்கொன்று. வெல்ல நினைக்காத ஒருவர் தன் நேரத்தையும் முகவர்களையும் இன்னொருவருக்குக் கொடுத்தால் 75,000 ரூபாய் அவருக்கு மலிவு.

முகவர் மேசையைப் பார்த்தால் கொஞ்சம் விளங்கும். காலையில் ஒரு சின்னக் கட்சியின் அட்டையோடு வந்து உட்கார்ந்த பையனிடம் "உங்கட வேட்பாளர் ஆர் தம்பி?" என்று கேட்டேன். அட்டையைத் திருப்பி வாசித்துவிட்டுத்தான் பெயர் சொன்னான்.

பாராளுமன்றத் தேர்தலுக்கும் இதே கணக்குத்தானே?

இல்லை. திருகோணமலையில் இருக்கிறவர்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்கு நாலு ஆசனம். மூதூர், சேருவில, திருகோணமலை மூன்று தொகுதியும் சேர்ந்து. ஒவ்வொரு பட்டியலிலும் ஆசனத்தைவிட மூன்று பேர் கூட, ஏழு பேர். மாவட்டத்தில் 5 வீதம் எடுக்காத பட்டியல்களின் வாக்கு முதலிலேயே கழிக்கப்படும். முதலாவதாக வந்த பட்டியலுக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் மூன்றுக்குத்தான் பங்கு.

ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு லட்சம் செல்லுபடியான வாக்கு. சின்னப் பட்டியல்கள் எல்லாம் சேர்ந்து 40,000 எடுத்து, 5 வீதம் தாண்டாமல் கழிந்துவிட்டன. மிச்சம் 160,000. அதை மூன்றால் வகுத்தால் 53,333. க பட்டியலுக்கு 70,000, ங பட்டியலுக்கு 45,000, ச பட்டியலுக்கு 30,000, ஞ பட்டியலுக்கு 15,000 என்று வையுங்கள். க பட்டியலுக்கு போனஸ் ஒன்று, முழுப் பங்கு ஒன்று, கையில் மிச்சம் 16,667. மீதி இரண்டு ஆசனமும் பெரிய மிச்சத்துக்குப் போகும்: ங ஒன்று, ச ஒன்று. இப்போது ச பட்டியல் சண்டை பிடித்து 16,000, 14,000 என்று இரண்டாகப் பிரிந்ததாக வைப்போம். இரண்டையும்விட க பட்டியலின் மிச்சமான 16,667 பெரிது. அந்த ஆசனம் க பட்டியலுக்குப் போய்விடும். வாக்களித்த 30,000 பேர் அப்படியே இருக்கிறார்கள், அவர்களுக்கு உறுப்பினர் இல்லை. 2, 3 போட்டுக் காப்பாற்றவும் முடியாது. இங்கே விருப்பு வாக்கு ஒரே பட்டியலுக்குள் ஆளைத் தெரிவதற்கு மட்டும்தான்.

2004இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு இங்கே இரண்டு ஆசனம் கிடைத்தது. 2010, 2015, 2020 மூன்றிலும் ஒன்றுதான். 2024 யூனில் எங்கள் மாவட்ட எம்.பி. சம்பந்தன் ஐயா காலமான பிறகு அந்த ஒன்றும் போய்விடுமோ என்ற பயம் ஊரில் இருந்தது. வேறு இடங்களில் பிரிந்து நின்ற தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் இங்கே வீட்டுச் சின்னத்தில் ஒன்றாகக் கேட்டன. ஆசனம் ஒன்று கிடைத்தது. தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று.

அப்ப தமிழர் எல்லாரும் ஒரே கட்சிக்குள்ள நிக்கோணும் என்டு சொல்றீங்களா? எங்கட கிண்ணியாவிலயும் இதே பிரச்சினைதான் டீச்சர்.

கேட்டவர் கிண்ணியா நானா ஒருவர். அவர் சொல்வது சரி. இந்த மாவட்டத்தில் எந்தச் சமூகமும் தனியே பாதிக்கு மேல் இல்லை, எல்லோருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். 5 வீத வெட்டுப்புள்ளியே முன்பு 12.5ஆக இருந்தது, 1988இல்தான் குறைந்தது. அதற்காகப் பாடுபட்டவர் முஸ்லிம் காங்கிரஸின் அஷ்ரஃப் என்பது கிண்ணியாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரே கட்சி என்று நான் சொல்லவில்லை. ஒரே கட்சி என்றால் அந்தக் கட்சியைக் கேள்வி கேட்க ஆளிருக்காது. பட்டியல் போட முதல் பேசித் தீர்க்கலாம், சின்னத்தை ஒன்றாக்கி ஆட்களைப் பலதாக வைக்கலாம். ஜனாதிபதித் தேர்தல் வேறு. அங்கே தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்கு 1 போட்டவர் 2ஐ இன்னொருவருக்குப் போட்டிருந்தால் தன் குரலும் போயிருக்காது, வாக்கும் வீணாயிருக்காது. பல பேர் நிற்பது அங்கே சுமையில்லாத சுதந்திரம். நாலு ஆசன மாவட்டத்தில் அதற்கு விலை உண்டு. இரண்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் வீட்டுக்கு வீடு வாக்குவாதம் வருகிறது.

உள்ளூராட்சி சபையில ஆட்சியமைக்க ஏலாமல் இழுபடுதே, அது ஆள் கூடினதாலதானே?

பெரும்பாலும் முறையால். உறுப்பினரில் 60 வீதம் வட்டாரத்தில், 40 வீதம் விகிதாசாரத்தில் தெரிவாகிறார்கள். வட்டாரங்களை வென்ற கட்சிக்கும் சபையில் பாதி கிடைக்காமல் போகும். சீட்டில் பத்துக் கட்சி இருந்தாலும் மூன்று இருந்தாலும் இது நடக்கும்.

இவ்வளவு பேரில பொம்பிளையள் எத்தனை பேர்?

2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒருவரும் இல்லை. 39 பெயர், ஒரு பெண்ணின் பெயர் இல்லை. 2019இல் ஒருவராவது இருந்தார். உலகத்தின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு. வாக்காளரில் பாதிக்கு மேல் நாங்கள்தான். வாசல் அகலமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

கட்டுப்பணத்தைப் பத்து லட்சமாக்கினால் எல்லாம் சரிவருமே?

இந்தியாவில் செய்து பார்த்தார்கள். 1996 தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சி என்ற ஒரே தொகுதியில் 1,033 பேர் கேட்டார்கள். பெரும்பாலும் விவசாயிகள், தங்கள் குறையை அரசு கேட்கவில்லை என்று. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அடிக்க வேண்டியதாயிற்று. அந்த வருசமே கட்டுப்பணத்தைக் கூட்டினார்கள். மக்களவைக்கு 500 ரூபாய் 10,000 ஆனது. 1996இல் நாடு முழுக்க 13,952 ஆக இருந்த மக்களவை வேட்பாளர்கள் 1998இல் 4,750 ஆகக் குறைந்தார்கள்.

ஆட்சி உறுதியானதா? 1998இல் வந்த அரசு 1999 ஏப்ரலில் ஒரே ஒரு வாக்கால் கவிழ்ந்தது. சீட்டு சுருங்கியது, அவ்வளவுதான். எங்கள் தொகையை இன்றைய விலைவாசிக்குக் கொஞ்சம் உயர்த்துவதில் எனக்கு மறுப்பில்லை. பத்து லட்சம் என்றால் டம்மிக்குப் பணம் போடுகிறவர் அதையும் போடுவார், மொடக்குறிச்சி விவசாயி மாதிரி ஆள்தான் நின்றுபோவார்.

டீச்சர், நானும் அடுத்த முறை சுயேச்சைக் குழுவாக் கேக்கலாமெண்டு இருக்கிறன். கேக்கலாமா?

கேட்டவன் என்னிடம் படித்த பிள்ளை, இப்போது நிலாவெளியில் படகு ஓட்டுகிறான். 2024இல் இருந்த கணக்கை அவனுக்குச் சொன்னேன்: அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்குக் கட்டுப்பணம் இல்லை, சுயேச்சைக் குழுவுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய். எங்கள் மாவட்டத்தில் ஏழு பேருக்கு 14,000. பணம் பெரிய தடை இல்லை.

பிறகு ஒரு கடதாசியில் மேலே எழுதிய க, ங, ச கணக்கைப் போட்டுக் காட்டினேன். நீ எடுக்கப்போகும் மூவாயிரம் வாக்கு யாருடைய மிச்சத்திலிருந்து வரும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரைவலைப் பிரச்சினையைப் பற்றி எந்தப் பட்டியலும் வாய் திறக்கவில்லை, அதனால்தான் கேட்க நினைத்தேன் என்றான். அப்படியென்றால் வேட்புமனுவுக்கு முதல் அந்தப் பட்டியல்காரர் எல்லோரிடமும் போய் இதை எழுத்தில் கேள், அவர்கள் மறுத்தால் வா, மனுவை நிரப்ப நானே உதவி செய்கிறேன் என்றேன். கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.